முற்றத்தில் பிரித்துக் கட்டிய டீசல் கெப்: எஞ்சினையும் பிரேக்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டி வந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாகனம் 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்த டொயோட்டா ஹைலக்ஸ், எல்என்106 வகை, நான்கு சில்லும் இழுக்கும் கெப். எஞ்சின் 3எல்: நான்கு சிலிண்டர், 2779 சிசி, போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 96 மில்லிமீற்றர், ரைமிங் பெல்ற், வீஈ வகை டீசல் பம்ப், ரேர்போ இல்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திடம் இருந்தது. நெல் மூடை, உரம், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் இதில்தான் போகும். பாரம் தாங்குவதற்காகப் பின் வில்லுத் தட்டுகளோடு மேலதிகமாக ஒரு தட்டு முன்னரே சேர்த்திருந்தார்கள். இந்தத் தட்டு பின்னர் மறுபடி பேச்சில் வரும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கெப்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. விற்றுவிட்டு வேறொன்று எடுப்பது என்ற வழி அடைபட்டதால் இருப்பதைத் திருத்துவது என்று முடிவானது. வேலை செய்தவர்கள் மூவர்: உரிமையாளர், வாகனத் தொழிற்பயிற்சி முடித்திருந்த அவருடைய மருமகன், ஓய்வுபெற்ற பஸ் டிப்போ மெக்கானிக்கான ஒரு அயலவர்.

வந்த முறைப்பாடுகள்

காலையில் ஸ்ராட் எடுக்கப் பிந்துகிறது, எடுத்ததும் வெள்ளைப் புகை. பாரத்தோடு ஏறும்போது நீலப் புகை. ஒயில் குறைகிறது. எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளிவிடும் பிறீதர் குழாயிலிருந்து புகை கிளம்புகிறது. ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வைத்தால் அது துள்ளுகிறது. பிரேக் மிதி கல் மாதிரி இறுகி இருக்கிறது, முன் பாட் விரைவில் தேய்கிறது. பிரேக் ஒயிலும் மெல்ல மெல்லக் குறைகிறது, ஆனால் எந்தச் சில்லிலும் கசிவு தெரியவில்லை.

முதலில் காட்டிய கராஜில் சொன்னது: “ரிங் போய்ற்றுது அண்ணை. ஹெட்டைக் கழட்டி ரிங் போடுவம். பிரேக்குக்கு நல்ல பாட் போட்டால் காணும்.” அதை நம்பி ஸ்ரான்டர்ட் அளவு ரிங் (பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டரை அடைக்கும் வளையம்) செற் ஒன்றும் வாங்கப்பட்டது. அது கடைசிவரை பெட்டியிலேயே கிடந்தது.

பிரிப்பதற்கு முன் அளந்தவை

டிப்போ மெக்கானிக் வற்புறுத்தியது ஒன்றுதான்: எந்த நட்டையும் தொடுவதற்கு முன் அளந்து எழுத வேண்டும்.

கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கப் பெற்றோல் எஞ்சின் கேஜ் உதவாது. டீசலின் அழுத்தத்தில் அது உடையும். குளிரில் எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக்கின் துவாரத்தில் பொருந்தும் டீசல் கேஜ் இரவல் எடுக்கப்பட்டது. எஞ்சினைச் சூடாக்கி, டீசல் பம்பின் நிறுத்து சொலனோயிட் வயரைக் கழற்றி, பற்றரி முழுச் சார்ஜில் இருக்கச் சுற்றிப் பார்த்ததில் ஒன்றாம் சிலிண்டரிலிருந்து வரிசையாக 26, 24, 19, 17 கிலோ சதுர சென்ரிமீற்றருக்கு. இந்த எஞ்சினுக்குப் புதிதில் 32, கீழெல்லை 20, சிலிண்டர்களுக்கிடையே 5 வரைதான் வித்தியாசம் இருக்கலாம். துவாரத்தில் ஒயில் விட்டு மறுபடி பார்க்கும் பெற்றோல் எஞ்சின் முறை இங்கே பயன்படாது. டீசலில் எரியறை மிகச் சிறியது. கொஞ்ச ஒயிலே வாசிப்பைப் பொய்யாக உயர்த்தும், கூடினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டை வளைக்கும். அதற்குப் பதிலாக நாலாம் சிலிண்டரை உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, கொம்பிரசர் காற்றை விட்டார்கள். ஒயில் மூடியில் இரைச்சல் கேட்டது. சைலன்சரிலோ ரேடியேற்றரிலோ ஒன்றுமில்லை. கசிவு ரிங் வழியாகத்தான்.

அடுத்த சோதனைதான் இந்த நிகழ்வின் போக்கை மாற்றியது. டீசல் எஞ்சினின் காற்றுக் குழாயில் பெற்றோல் எஞ்சினில் போல வெற்றிடம் உண்டாகாது. மிதியின் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்ரருக்கு வேண்டிய வெற்றிடத்தை ஒல்ரனேற்றரின் பின்புறம் பூட்டிய வக்கியூம் பம்ப் தருகிறது. அந்தப் பம்புக்கு ஒயில் எஞ்சினிலிருந்து போகிறது. உறிஞ்சிய காற்றும் ஒயிலும் ஒரே குழாயால் கிராங்க் அறைக்குத் திரும்புகின்றன. பூஸ்ரரில் ஓட்டை இருந்தால் பம்ப் ஓயாமல் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளும். அந்தக் காற்றும் பிறீதரால்தான் வெளியேற வேண்டும். பார்ப்பவருக்கு அது ரிங் போனது போலவே தெரியும்.

பம்பிலிருந்து பூஸ்ரருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பம்ப் பக்கத்து வாயை இறுக அடைத்துவிட்டு எஞ்சினை ஓட்டினார்கள். மூடியின் துள்ளல் பாதிக்கு மேல் அடங்கியது. முழுதாக நிற்கவில்லை. ஆக ரிங்கும் தேய்ந்திருக்கிறது, பூஸ்ரரும் போயிருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட முடியாது.

பூஸ்ரரையும் வழக்கமான முறையில் பார்த்தார்கள். எஞ்சினை நிறுத்தி மிதியைப் பல தடவை அமத்தி வெற்றிடத்தைத் தீர்த்து, மிதியை அமத்திப் பிடித்தபடி ஸ்ராட் எடுத்தால் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். அசையவே இல்லை. மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்ரர் பம்பின் இரண்டு நட்டையும் கழற்றி முன்னுக்கு இழுத்தபோது பூஸ்ரரின் வாயில் பிரேக் ஒயில் தேங்கி நின்றது. மாஸ்ரர் பம்பின் பின் கப் (ரப்பர் சீல்) கசிந்து ஒயில் பூஸ்ரருக்குள் இறங்கி, உள்ளே இருந்த ரப்பர் தகட்டைப் பழுதாக்கியிருந்தது. வெளிக்கசிவு இல்லாமல் பிரேக் ஒயில் குறைந்ததற்கும், மிதி இறுகியதற்கும், பிறீதர் புகையில் ஒரு பங்குக்கும் மூலம் அந்தச் சிறிய கப்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ரிங் மட்டும் போடுவது கைவிடப்பட்டது. தேய்ந்த போரின், அதாவது சிலிண்டர் உட்சுவரின், மேல்விளிம்பில் படி விழுந்திருக்கும்; புது ரிங் அதில் இடிக்கும், முட்டை வடிவான சுவரில் ஒட்டவும் மாட்டாது. ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று வாங்கிப் போடுவதும் பேசப்பட்டது. அதன் உள்நிலையை யாரும் உறுதிப்படுத்தப் போவதில்லை, விலையும் பெரிது. முழுதாகப் பிரிப்பது, போர், கிராங்க், ஹெட் வேலைகளை மட்டும் லேத்துப் பட்டறைக்குக் கொடுப்பது, மற்றதை முற்றத்தில் செய்வது என்று தீர்மானமானது. பிரேக் முழுதும் முடிந்து நின்ற இடத்தில் சோதிக்கும்வரை புது எஞ்சினோடு வீதிக்கு இறங்குவதில்லை என்பதும் அப்போதே எழுதப்பட்டது. இழுவை கூடி நிறுத்தம் குறைந்த வாகனம் பழைய நிலையைவிட ஆபத்தானது.

எஞ்சினைத் தூக்க மாமரக் கொப்பைக் காட்டியவர்களும் இருந்தார்கள். மூன்று தடித்த இரும்புக் குழாயால் முக்காலி கட்டி, கீழ்க்கால்களைச் சங்கிலியால் பிணைத்துச் செயின் புளொக் தொங்கவிடப்பட்டது.

பிரித்தபோது தெரிந்தவை

காற்று வடிகட்டிப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ரப்பர் குழாயின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. வெடிப்புக்கு உட்புறம் செம்மண் தூசி படிந்திருந்தது. அறுவடை வயலில் நின்று ஓடும் வாகனத்துக்கு இதைவிட வேறு நோய் வேண்டாம். வடிகட்டியை எத்தனை தடவை மாற்றினாலும் தூசி அதற்குப் பின்னால்தான் ஏறுகிறது. மூன்றாம், நாலாம் போரின் மேற்பகுதி அடிப்பகுதியைவிட 0.24, 0.27 மில்லிமீற்றர் அகன்றிருந்தது. 0.20 தாண்டினால் நான்கையும் போர் அடிக்க, அதாவது உட்சுவரைப் பெரிதாகக் கடைய, வேண்டும். ஓவர்சைஸ் 0.50 தெரிவானது, ஆனால் போர் அடிப்பதற்கு முன் பிஸ்டன்களை வாங்கிப் பட்டறைக்காரரின் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதன் தாளில் உள்ள இடைவெளிக்கு அந்தந்தப் போரை வெட்டுவதுதான் முறை.

கிராங்கின் கொன்ரொட் கழுத்துகளில் கீறல் இருந்ததால் 0.25 குறைத்துக் கடைந்து அதற்குரிய பெயரிங் போடப்பட்டது. ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கிடையே மயிரிழை வெடிப்பு. இந்த எல் வகை எஞ்சின்களில் அது அடிக்கடி காணப்படுவது. வெடிப்பு சீற்றுக்குள் இறங்கியிருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்த்து, சுடுநீரில் அழுத்தச் சோதனையும் செய்தார்கள். நீர்வழி கசியவில்லை. சீற்றை அது தொடவில்லை. மேற்பரப்பின் வளைவு 0.20 எல்லைக்குள் இருந்ததால் ஹெட் முகம் வெட்டப்படவில்லை. அது நல்லதாயிற்று, முகம் வெட்டினால் ஹெட்டில் பதித்த சுழலறைத் துண்டுகளின் நீட்டத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

எஞ்சினைக் கட்டியது

போர் அடித்த புளொக்கை டீசலால் கழுவினால் போதாது. போரைத் தீட்டிய ஹோன் கல்லின் துகள் கீறல்களுக்குள் ஒட்டியிருக்கும். டீசல் அதை இளக்காது. சவர்க்காரமும் சுடுநீரும் தூரிகையும் கொண்டு, வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உடனே ஒயில் பூசினார்கள். ஒயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி உள்ளேயும் தூரிகை விட்டார்கள். பழுதான பெயரிங்கின் உலோகத் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பெயரிங் இடைவெளி, நசுங்கிய அகலத்தால் அதைக் காட்டும் பிளாஸ்ரிகேஜ் நூல் வைத்து ஒவ்வொரு தொப்பியிலும் பார்க்கப்பட்டது; எல்லாம் 0.10 எல்லைக்கு நன்கு கீழே. மெயின் தொப்பி போல்ற் 103 நியூட்டன் மீற்றர். கொன்ரொட் 54, அதன்பின் 90 பாகை. ரிங்குகளை ஒவ்வொன்றாகப் போருக்குள் இறக்கி வாயிடைவெளி அளந்தபோது ஒன்று குறைவாக வந்தது. அரத்தால் ஒரே திசையில் தேய்த்துச் சரிசெய்யப்பட்டது. வாய்கள் முட்டினால் சூட்டில் ரிங் விரிய இடமின்றிப் போரை உரசிக் கிழிக்கும்.

ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையே வைக்கும் ஹெட் கஸ்கற்றைக் கடையில் ‘3எல்’ என்று மட்டும் கேட்டு வாங்கக்கூடாது. பி, டி, எஃப் என மூன்று தடிப்பு உண்டு. டயல் கேஜ் வைத்துப் பிஸ்டன்கள் புளொக் முகத்துக்கு மேல் எவ்வளவு நீட்டுகின்றன என்று அளந்ததில் மிகக் கூடியது 0.82 மில்லிமீற்றர், 0.78 முதல் 0.87 வரை டி, அதாவது 1.50 முதல் 1.60 வரையான தடிப்பு. மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் வால்வைத் தொடும் அபாயம். தடித்ததைப் போட்டால் கொம்பிரசன் குறைந்து காலை ஸ்ராட் பழையபடி பிந்தும். ஹெட் போல்ற்கள் புதியவை. நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பல சுற்றில் 78 நியூட்டன் மீற்றர், தலையில் வெள்ளைப் புள்ளி வைத்து 90 பாகை, மறுபடி 90 பாகை.

வால்வ் சீற் வெட்டியபின் வால்வுத் தண்டு மேலே ஏறும், இடைவெளி சுருங்கும். உள்வால்வுக்கு 0.20 முதல் 0.30, வெளிவால்வுக்கு 0.40 முதல் 0.50, எஞ்சின் குளிர்ந்த நிலையில். இடைவெளியை ஒழுங்குபடுத்தும் ஷிம் தகடுகளில் ஐந்தை மெல்லியதாக மாற்ற வேண்டி வந்தது. ரைமிங் பெல்ற்றோடு அதன் ஐட்லரும் புதிதாகப் போடப்பட்டது. கிராங்கைக் கையால் இரு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளை மறுபடி பார்த்தார்கள். இன்ஜெக்ரர்களும் டீசல் பம்பும் டீசல் ஆய்வகத்துக்குப் போயின. 2022 இன் எரிபொருள் வரிசைக் காலத்தில் பரலில் தேக்கிவைத்த டீசல் ஓடிய வாகனம். வீஈ பம்புக்குள் உராய்வைத் தணிப்பது டீசலே என்பதால் அதில் கலந்த நீர் நேரே பம்பைத் தின்னும்.

பூட்டிய பின் வக்கியூம் பம்பின் ஒயில் வாயில் சிறிதளவு ஒயில் விட்டுக் கப்பியைக் கையால் சுற்றினார்கள். வறண்ட நிலையில் முதல் சில வினாடி ஓடினாலே அதன் தகடுகள் கீறிவிடும். திரும்புகுழாய் மடியாமல் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது நெரிந்தால் பம்பில் ஒயில் தேங்கி, சீல் வழியாக ஒல்ரனேற்றருக்குள் போய்ச் சார்ஜும் நிற்கும்.

பிரேக் வேலை

டிரம்களைக் கழற்றியதும் தூசியைக் காற்றால் ஊதவில்லை. பழைய லைனர்களில் கல்நார் இருக்கக்கூடும். நீர் தெளித்து நனைத்துத் துணியால் துடைத்துப் பையில் கட்டினார்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் கழற்றப்பட்டது, வில்லுகள் எப்படி மாட்டியிருந்தன என்று பார்க்க ஒன்று மாதிரியாக இருக்க வேண்டும்.

பின் சில்லுகளில் கைபிரேக் இழுக்கும் நெம்புகோல்கள் துருவேறி இறுகியிருந்தன. இந்த வகையில் கைபிரேக் அசைவால்தான் லைனர் தானாக நெருங்கும். நெம்புகோல் இறுகினால் லைனர் தேயத் தேய டிரம்முக்கு எட்டாமல் போய், வேலை முழுதும் முன் டிஸ்க்கின் தலையில் விழும். இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, வீல் பம்புகளையும் லைனர்களையும் புதிதாக்கி, லைனருக்கும் டிரம்முக்கும் விட்டத்தில் வித்தியாசம் 0.6 மில்லிமீற்றர் இருக்கும்படி அட்ஜஸ்ரரைத் திருப்பினார்கள்.

முன் கலிப்பர்கள் நாலு பிஸ்டன் கொண்டவை. இரண்டு பாதியையும் பிரிக்கவில்லை. பிஸ்டன்களைக் காற்றால் தள்ளி எடுத்து ரப்பர்கள் மாற்றப்பட்டன. கழுவியது பிரேக் ஒயிலால் மட்டும். டீசலோ மண்ணெண்ணெயோ பட்ட ரப்பர் ஊதிப்போகும். துருப்பிடித்த பின் குழாய்க்குப் பதிலாகச் செப்புக் குழாயை ஒற்றை விரிப்பில் செய்துதர ஒரு கடை முன்வந்தது; அது மறுக்கப்பட்டது. அதிர்வில் செம்பு களைத்து வெடிக்கும். உருக்குக் குழாய், இரட்டை விரிப்பு. மாஸ்ரர் பம்பும் பூஸ்ரரும் வெற்றிடக் குழாயும் புதியவை. வெற்றிடக் குழாயில் ஒருவழி வால்வின் அம்பு எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ஒயில் டொட் 3.

பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது பின்னால் ஒயில் மெலிதாகத்தான் வந்தது. சேசிசில் முட்டுக் கொடுத்திருந்ததால் பின் அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் உணரும் வால்வு அச்சின் உயரத்தைப் பார்த்து, வண்டி வெறுமையாக இருக்கிறது என்று பின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டது. முட்டுக்கட்டையை அச்சுக்குக் கீழே மாற்றி, மிக நீளமான குழாயுள்ள சில்லில் தொடங்கி மற்றவற்றையும் முடித்து, கடைசியாக அந்த வால்விலேயே உள்ள காற்று முனையையும் திறந்தபின் மிதி உறுதியானது.

அதே வால்வு இன்னொன்றையும் விளக்கியது. மேலதிக வில்லுத் தட்டால் வண்டியின் பின்புறம் எப்போதும் உயர்ந்தே நின்றது. மூடை ஏற்றினாலும் வால்வுக்கு அது அரைப் பாரமாகவே தோன்றியது. பின் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காமல் முன் பாட் விரைவில் தேய்ந்ததில் இதற்கும் பங்கு. தட்டைக் கழற்றிவிட உரிமையாளர் ஒப்பினார், சற்றுத் தயங்கித்தான்.

முதல் ஸ்ராட்டும் அதன் பின்னும்

டீசல் நிறுத்து சொலனோயிட்டின் வயரைக் கழற்றி, ஒயில் அழுத்த முள் எழும்வரை சிறிது சிறிதாகச் சுற்றினார்கள். பிறகு வடிகட்டியின் கைப்பம்பால் காற்று எடுத்து ஸ்ராட். நீண்ட ஐட்லிங் கொடுக்கவில்லை. பாரமில்லாமல் ஓடினால் புது ரிங் போரில் பதியாமல் மினுங்கிப்போகும். நடுத்தர வேகத்தில், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவது தீர்மானம்.

முதல் ஓட்டத்தில் ஐந்தாறு கிலோமீற்றருக்குள் வண்டி கனத்து இழுத்தது. முன் டிஸ்க்குகள் கைவைக்க முடியாத சூடு. மிதி உயர்ந்து இறுகியிருந்தது. அந்த இடத்திலேயே மாஸ்ரர் பம்பைப் பூஸ்ரரோடு பிடிக்கும் நட்டுகளை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தளர்த்திப் பார்த்தார்கள், சில்லுகள் விடுபட்டன. புதுப் பூஸ்ரரின் தள்ளுகோல் நீளமாக இருந்திருக்கிறது. அது மாஸ்ரர் பம்பின் பிஸ்டனை ஓய்விலும் சற்றுத் தள்ளிப் பிடிக்க, ஒயில் தாங்கிக்குத் திரும்பும் நுண்துளை மூடிக்கொண்டது. சூட்டில் விரிந்த ஒயிலுக்குப் போக்கிடமில்லாமல் பிரேக் தானே பிடித்தது. நட்டைத் தளர்த்தியும் விடுபடாமல், கலிப்பரின் காற்று முனையைத் திறந்தால் மட்டும் விடுபட்டிருந்தால், பழுதை ரப்பர்க் குழாயின் உள்வீக்கத்தில் தேடியிருக்க வேண்டும். வண்டி கட்டி இழுத்து வரப்பட்டது. தள்ளுகோல் நுனியில் களிமண் உருண்டை வைத்து மாஸ்ரர் பம்பைப் பொருத்தி, நசுங்கிய தடிப்பைப் பார்த்து, தொட்டும் தள்ளாத அளவுக்குக் கோல் குறைக்கப்பட்டது. அடுத்த ஓட்டத்தில் டிஸ்க்குகள் இளஞ்சூட்டிலேயே நின்றன.

500 கிலோமீற்றரில் முதல் ஒயில் மாற்றம். 1500 இல் மறுபடி கொம்பிரசன்: 31, 30, 31, 30. மூடி துள்ளவில்லை. குளோ விளக்கு அணைந்ததும் ஸ்ராட் எடுக்கிறது. வெற்றிடக் குழாயில் கேஜ் வைத்தால் ஐட்லிங்கில் 650 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்டுகிறது. காலபோக அறுவடை முழுதும் ஓடியபின்னும் பிரேக் ஒயில் மட்டம் இறங்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வெற்றிடக் குழாயை அடைத்துப் பார்க்கும் சோதனை ஐந்து நிமிட வேலை, செலவில்லை. அது முதல் கராஜிலேயே நடந்திருந்தால் பூஸ்ரர் பழுது அன்றே தெரிந்திருக்கும்; ரிங் செற்றுக்குப் போன காசும் மிஞ்சியிருக்கும். போர் அளக்குமுன் எந்த உள் பாகமும் வாங்கக்கூடாது. ஹெட்டை முதலில் சோதனைக்கு அனுப்பி, அது தேறிய பிறகு பிஸ்டனுக்குக் காசு போடுவது இன்னும் நல்ல ஒழுங்கு. இங்கே பிஸ்டன் வாங்கிய பிறகுதான் வெடிப்பு தெரிந்தது. ஹெட் கசிந்திருந்தால் கணக்கே மாறியிருக்கும். தள்ளுகோலின் நீளத்தைப் பூஸ்ரர் பூட்டும்போதே, பழைய பூஸ்ரரோடு ஒப்பிட்டாவது பார்க்க வேண்டும்.

ஒரு வேலை மீதி இருக்கிறது. பின் இடது டிரம் 296.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டது. புதிதில் 295, எல்லை 297. அதை இனிக் கடைய முடியாது. அடுத்த லைனர் மாற்றத்தின்போது இரண்டு பின் டிரம்களும் சோடியாக மாற்றப்பட வேண்டும் என்று வாகனத்தின் பதிவுக் கொப்பியில் எழுதப்பட்டுள்ளது.